ஈ. டி. மென்சாவும் ஹைலைஃப் இசையும்

ஈ. டி. மென்சா (மே 31, 1919 – ஜூலை 19, 1996) மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டைச் சேர்ந்த இசைக்கலைஞர். முழுப்பெயர் இம்மானுவேல் டெட்டே மென்சா. டிரம்பெட், சாக்ஸபோன் ஆகிய கருவிகளை வாசித்தார். பாடல்கள் இயற்றிப் பாடினார். டெம்போஸ் என்னும் இசைக்குழுவைப் பல ஆண்டுகள் நடத்தினார். தொழில்முறையில் மருந்தாளுநர். ‘ஹைலைஃப் இசையின் அரசர்’ என்று மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் அழைக்கப்பட்டார்.

ஹைலைஃப் இசையை அவர் தோற்றுவிக்கவில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அதன் கூறுகள் கானாவின் கடற்கரை ஊர்களில் ஒலித்துக்கொண்டிருந்தன. ‘அரசர்’ என்ற பட்டத்தைக் கேட்டு அவரைத் தனியொரு மேதையாக எண்ணிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. செல்வர்கள் கூடிய மண்டபங்களுக்குள் இருந்த ஓர் இசையைப் பொதுமக்களிடமும் அயல்நாடுகளிடமும் கொண்டுசென்றதே அவருடைய பணி. அப்பணிக்கு அவரைத் தகுதியாக்கியவர்கள் பலர். அவர்களுள் முதலாமவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

பெயரும் பின்னணியும்

கானா அக்காலத்தில் பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது. கோல்ட் கோஸ்ட் என்று பெயர். தங்க வணிகத்தால் வந்த பெயர் அது. கடற்கரையெங்கும் ஐரோப்பியர் கட்டிய கோட்டைகள் இருந்தன. கோட்டைகளில் படைகளும், படைகளோடு பேண்டு வாத்தியக் குழுக்களும் இருந்தன. 1870-களில் அசாந்தே அரசுக்கு எதிரான போருக்காக மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த கறுப்பினப் படைவீரர்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்கள் ஓய்வு நேரத்தில் தங்கள் தீவுகளின் பாடல்களையும் வாசித்தார்கள். அதைக் கேட்ட கேப் கோஸ்ட், எல்மினா ஊர்க்காரர்கள் ஊதுகருவிகளில் தங்கள் தாளத்தை வாசிக்கத் தொடங்கினர். அவ்வாறு எழுந்த இசைக்கு ‘அடாஹா’ என்று பெயர். ஊதுகருவி வாங்கப் பணமில்லாத ஊர்களில், உள்ளூர் மத்தளங்களையும் குரலையும் மட்டுமே கொண்டு அதே இசையை ‘கொங்கோமா’ என்ற பெயரில் நிகழ்த்தினர்.

மற்றொரு வழி துறைமுகம். லைபீரியக் கடற்கரையின் க்ரூ இன மாலுமிகள் கப்பல்களில் கிட்டார் கற்று, அதை விரல்களால் மீட்டும் ஒரு முறையைத் துறைமுகந்தோறும் பரப்பினர். பனங்கள் விற்கும் கடைகளில் அந்த இசை வளர்ந்தது. 1928-இல் குமாசி டிரையோ என்ற மூவர் குழு லண்டன் சென்று ‘யா அம்போன்சா’ என்ற பாடலை இசைத்தட்டில் பதிவு செய்தது. பின்னாளைய ஹைலைஃப் பாடல்கள் பலவற்றுக்கு அதன் மெட்டமைப்பே அடிப்படை.

மூன்றாவது வழி நடன மண்டபம். அக்ரா, கேப் கோஸ்ட் போன்ற நகரங்களில் ஆங்கிலக் கல்வி பெற்ற வழக்கறிஞர்களும் வணிகர்களும் உயர் அலுவலர்களும் ஐரோப்பிய முறையில் இணை நடனம் ஆடினர். அவர்களுக்கு வாசித்த பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட் முதலியவற்றோடு இடையிடையே ஊர்த் தெருக்களின் மெட்டுகளையும் வாசிக்கத் தொடங்கின. இந்த இசைக்கு ‘ஹைலைஃப்’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதை மென்சாவின் அண்ணன் யெபுவா மென்சா பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். அக்ராவின் ராட்ஜர் கிளப் போன்ற இடங்களில் நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய 7 ஷில்லிங் 6 பென்ஸ். மாலை விருந்துக்குரிய முழு உடை அணிந்திருக்க வேண்டும்; வசதி இருந்தால் உயரத் தொப்பியும் வேண்டும். உள்ளே போக முடியாதவர்கள் வெளியே கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே இருப்பவர்களின் வாழ்வு தங்களுக்கு எட்டாத மேல்தட்டு வாழ்வு என்ற பொருளில் அந்த இசையை ‘ஹைலைஃப்’ என்றார்கள். அதாவது, பெயர் வைத்தவர்கள் உள்ளே ஆடியவர்கள் அல்லர், வெளியே நின்றவர்கள். உள்ளே வாசிக்கப்பட்ட மெட்டுகளோ பெரும்பாலும் வெளியே நின்றவர்களுடையவை.

பள்ளிக்கூடக் குழல்

மென்சா அக்ராவின் பழைய பகுதியான அஷர் டவுனில் பிறந்தார். அங்கே வாழ்பவர்கள் கா மொழி பேசும் மக்கள். அடுத்துள்ள ஜேம்ஸ் டவுனின் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஜோ லாம்ப்டே என்பவர் ஆசிரியராக இருந்தார். மாணவர்களைக் கொண்டு குழலும் முரசும் அடங்கிய ஒரு பேண்டுக் குழுவை அவர் நடத்தினார். சிறுவன் மென்சா அதில் குழல் வாசித்தான். பிள்ளைகள் அணிவகுத்து வகுப்புக்குச் செல்வதற்காகத் தொடங்கப்படும் பள்ளிப் பேண்டுகள் எங்கும் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை அத்தோடு நின்றுவிடும். லாம்ப்டே நிற்கவில்லை. தாம் பயிற்றிய பிள்ளைகளையே அடிப்படையாகக் கொண்டு, 1930-களின் தொடக்கத்தில் அக்ரா ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய இசைக்குழுவை உருவாக்கினார். இசைக்குறியீடு பார்த்து வாசிக்கும் பழக்கத்தை அவர்களுக்கு அளித்தார். பின்னர் கானாவின் முன்னணி நடன இசைக்குழுக்களை நடத்தியவர்களில் பலர் அந்த ஆர்கெஸ்ட்ராவின் வழியாக வந்தவர்களே. மென்சாவைப் பற்றிய கட்டுரைகள் லாம்ப்டேயை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அவர் இல்லையென்றால் மென்சா நல்ல மருந்தாளுநராக மட்டும் இருந்திருப்பார் என்று சொல்வதில் தவறில்லை.

1930-களின் நடுப்பகுதியில் யெபுவா தம்பியையும் மற்றும் சிலரையும் சேர்த்துக்கொண்டு அக்ரா ரிதமிக் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மென்சா அதில் சாக்ஸபோன் வாசித்தார். 1939-இல் நடந்த லாம்பெத் வாக் நடனப் போட்டியில் அக்குழு வென்றது. இடையே உயர்நிலைக் கல்வியையும் முடித்து, மருந்தாளுநர் பயிற்சி பெற்று அரசுப் பணியில் சேர்ந்தார். பிறகு அக்ராவில் சொந்தமாக மருந்துக் கடை வைத்தார். இசை வருமானம் ஏறி இறங்கிய காலங்களில் இத்தொழில் அவருக்குக் கைகொடுத்தது.

போர்க்கால அக்ரா

இரண்டாம் உலகப் போரின்போது அக்ரா நேச நாட்டுப் படைகளின் முக்கியத் தளமாயிற்று. பிரித்தானிய, அமெரிக்க வீரர்கள் வந்து தங்கினர். மதுக்கூடங்களும் இரவு விடுதிகளும் பெருகின. அங்கே வால்ட்ஸ் யாருக்கும் தேவைப்படவில்லை. அமெரிக்க ஸ்விங் இசையும் ஜாஸும் வேண்டும் என்றனர்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெப்பர்ட் என்ற சார்ஜெண்ட் 1940-இல் ஒரு குழுவைத் தொடங்கினார். சாக்ஸபோன் வாசிப்பதில் தேர்ந்தவர். லெப்பர்ட் என்றால் சிறுத்தை. ஆகவே கறுப்பரும் வெள்ளையரும் கலந்த தம் குழுவுக்கு ‘கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்’ என்ற பொருளில் பிளாக் அண்ட் ஒயிட் ஸ்பாட்ஸ் என்று பெயர் வைத்தார். மென்சா அதில் சேர்ந்தார். இசைக்குறியீட்டைப் படிக்க அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் மூச்சை அடக்கி வெளிவிடும் முறை, நாவால் சுரத்தைத் தொடங்கும் முறை, சுரத்தை அசைக்கும் முறை, சுருதி பிசகாமை ஆகியவற்றை அவர் ஒழுங்காகக் கற்றது இக்குழுவில்தான். ஊதுகருவியில் இவை ஏட்டைப் பார்த்து வருபவை அல்ல. ஒருவர் எதிரே நின்று வாசித்துக் காட்ட வேண்டும்.

போர்க்காலத்தில் தோன்றிய மற்றொரு சிறு குழு டெம்போஸ். பியானோ வாசித்த அடால்ஃப் டோகுவும், ஆர்தர் ஹாரிமன் என்ற ஆங்கிலப் பொறியாளரும் அதைத் தொடங்கினர். போர் முடிந்ததும் அயல்நாட்டினர் ஊர் திரும்ப, அது முழுவதும் ஆப்பிரிக்கர்களின் குழுவாயிற்று. 1947-இல் மென்சா அதில் சேர்ந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜோ கெல்லி, டிரம் கலைஞர் கை வாரன் ஆகியோரும் அதில் இருந்தனர். விரைவிலேயே மென்சா குழுவின் தலைவரானார்.

டெம்போஸ் செய்த மாற்றம்

முந்தைய ஆர்கெஸ்ட்ராக்கள் அளவில் பெரியவை. வயலின்களும் பலவகை ஊதுகருவிகளும் கொண்டவை. அவற்றை ஊர் ஊராக அழைத்துச் செல்வது எளிதன்று. டெம்போஸில் ஏழெட்டுப் பேர், சில காலம் பத்துப் பேர். இரண்டு மூன்று ஊதுகருவிகள், கிட்டார், பாஸ், டிரம், கைத்தாளக் கருவிகள் ஆகியவற்றோடு ஒரு குழு ஒரே வண்டியில் ஏறிச் சென்றுவிடலாம். செலவும் குறைவு, கட்டணமும் குறைவு. இது இசைநயம் சார்ந்த மாற்றம் அன்று, கணக்கு சார்ந்தது. ஆயினும் ஹைலைஃப் பரவியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

தாளத்தில் வந்த மாற்றத்துக்குக் கை வாரனே காரணர். அவர் 1950-ஆம் ஆண்டளவில் லண்டனில் கென்னி கிரகாமின் ஆப்ரோ-கியூபிஸ்ட்ஸ் குழுவில் வாசித்தார். அங்கிருந்து பாங்கோ, மராக்கா போன்ற கியூபத் தாளக் கருவிகளையும், கலிப்சோ இசையின் போக்கையும் கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளில் காத்துவந்த தாளம், லண்டன் வழியாக அக்ராவுக்குத் திரும்பி வந்தது என்று இதைச் சொல்லலாம். வாரன் பின்னர் அமெரிக்கா சென்று ஜாஸ் கலைஞரானார். முதுமையில் கோஃபி கானபா என்ற பெயரில் வாழ்ந்தார். டெம்போஸின் புகழ் முழுவதும் மென்சாவின் பெயரில் சேர்ந்துவிட்டது. வாரனின் பங்கைத் தனியே குறிப்பிடுவதே முறை.

மென்சாவின் பாடல்களைக் கேட்பவர்களுக்கு அவற்றின் அமைப்பு எளிதில் பிடிபடும். நான்கு எண்ணிக்கைத் தாளம், மணியோ குச்சியோ இடைவிடாது தட்டும் ஒரு குறுக்குத் தாளம், ஊதுகருவிகள் சேர்ந்து தரும் தொடக்க மெட்டு, பிறகு பாட்டு, நடுவே டிரம்பெட் அல்லது சாக்ஸபோனின் தனி வாசிப்பு, மீண்டும் தொடக்க மெட்டு. அக்காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே கிடைக்கும். நடன மேடையில் நீண்டு சென்ற பாடல்களை அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருக்கும் திறமை மென்சாவிடம் இருந்தது. குரல் பெரிய குரல் அன்று; மென்மையானது, அவசரமில்லாதது. டிரம்பெட்டும் அப்படியே.

1952 முதல் டெக்கா நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்தார். ‘ஆல் ஃபார் யூ’, ‘டே பை டே’, ‘டாங்கி கலிப்சோ’, ‘ஸ்கூல் கேர்ள்’, ‘சண்டே மிரர்’ ஆகியவை பெயர்பெற்ற பாடல்கள். ஆங்கிலத்திலும் கா, ட்வி, ஃபாண்டே, எவே, ஹவுசா, எஃபிக் முதலிய மொழிகளிலும் பாடினார். இவற்றுள் எஃபிக் நைஜீரியாவின் தென்கிழக்கு மொழி. எந்த ஊரில் வாசிக்கிறோமோ அந்த ஊர் மொழியில் ஒரு பாடலாவது இருக்க வேண்டும் என்பது சுற்றுப்பயணம் செய்யும் குழுவுக்கு வணிக அறிவு. பல மொழி பேசும் மக்கள் ஒரே நாடாகப் போகும் காலத்தில் அது வணிகத்தைக் கடந்த பொருளும் பெற்றது. பெண்கள் நடன இசைக்குழுக்களில் பாடுவது அரிதாக இருந்த நாளில் ஜூலி ஒகைன் டெம்போஸில் பாடினார். அவர் பாடிய ‘நத்திங் பட் எ மேன்ஸ் ஸ்லேவ்’ என்ற பாடலின் பெயரே அது பேசும் பொருளைச் சொல்லிவிடும்.

எல்லை கடந்த பயணம்

டெம்போஸ் 1950-களின் தொடக்கத்திலிருந்து நைஜீரியாவுக்குத் தொடர்ந்து சென்றது. லாகோஸ் நகரத்து நடன இசைக்குழுக்கள் அப்போது பெரும்பாலும் ஸ்விங், ஃபாக்ஸ்டிராட் முதலிய மேனாட்டு இசையையே வாசித்துவந்தன. ஆப்பிரிக்க மெட்டை நாகரிகமான மேடையில், நல்ல உடையோடு, பிசகில்லாமல் வாசிக்க முடியும் என்பதை டெம்போஸ் நேரில் காட்டியது. பாபி பென்சன் ஹைலைஃப் பக்கம் திரும்பி ‘டாக்ஸி டிரைவர்’ என்ற பாடலால் பெரும்புகழ் பெற்றார். விக்டர் ஒலையா, ரெக்ஸ் லாசன் ஆகியோரும் இந்த அலையில் எழுந்தவர்கள். ஒலையாவின் கூல் கேட்ஸ் குழுவில்தான் ஃபெலா குட்டி தம் இசைவாழ்வைத் தொடங்கினார். ஃபெலாவின் ஆப்ரோபீட் இசை இன்று உலகறிந்தது. அதன் வேர்களில் ஒன்று மென்சாவின் சுற்றுப்பயணங்களைத் தொட்டு நிற்கிறது.

1955-இல் மென்சா லண்டன் சென்று, கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவோடு சேர்ந்து வாசித்தார்.

1956 மே மாதம் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அக்ராவுக்கு வந்தார். விமான நிலையத்தில் உள்ளூர்க் கலைஞர்கள் ‘ஆல் ஃபார் யூ’ மெட்டை வாசித்து அவரை வரவேற்றனர். அவரும் தம் டிரம்பெட்டை எடுத்து அவர்களோடு வாசித்தார். அவரும் மென்சாவும் ஒன்றாக வாசித்தனர். பொது நிகழ்ச்சியில் பிரதமர் குவாமே இன்க்ருமா முன்னிலையில் ‘பிளாக் அண்ட் புளூ’ என்ற பாடலை ஆம்ஸ்ட்ராங் அவருக்கு உரித்தாக்கினார். அச்சிமோட்டா கல்லூரியில் நடந்த நடனத்தில் ஒரு பெண்ணைக் கண்டு, தம் தாயின் சாயல் இருப்பதாக அவர் நெகிழ்ந்து சொன்னதும் பதிவாகியுள்ளது. ஆம்ஸ்ட்ராங்கின் வருகைதான் மென்சாவுக்குப் பெருமை தந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. அதற்குள் மென்சாவின் இசைத்தட்டுகள் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் விற்றுக்கொண்டிருந்தன. விருந்தாளி வந்து பட்டம் சூட்டும் நிலையில் அவர் இல்லை.

விடுதலையும் இசையும்

டெம்போஸ் வளர்ந்த ஆண்டுகளும் நாட்டின் விடுதலை இயக்கம் வளர்ந்த ஆண்டுகளும் ஒன்றே. 1948 பிப்ரவரி 28 அன்று, போரில் பங்கேற்றுத் திரும்பிய படைவீரர்கள் தங்களுக்கு வாக்களித்த உதவிகளைக் கேட்டு அக்ராவில் ஊர்வலம் சென்றனர். காவல் படை சுட்டதில் மூவர் இறந்தனர். நகரில் கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டு இன்க்ருமா தம் கட்சியைத் தொடங்கினார். 1951 தேர்தலில் அக்கட்சி வென்றது. 1957 மார்ச் 6 அன்று கோல்ட் கோஸ்ட், கானா என்ற பெயரில் விடுதலை பெற்றது. மென்சாவின் ‘கானா ஃப்ரீடம்’ அந்த நாளுக்கான பாடல். பின்னர் கானா, கினி, மாலி ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றியமாக இணைய முயன்றபோது அதையும் ஒரு பாடலாக்கினார். ஒன்றியம் நிலைக்கவில்லை, பாடல் நிலைத்தது.

இன்க்ருமாவின் அரசு ஹைலைஃபைத் தேசிய இசையாக ஊக்குவித்தது. மண்டபத்துக்கு வெளியே நின்றவர்களின் பிள்ளைகள் இப்போது திறந்தவெளி நடன அரங்குகளில் அதே இசைக்கு ஆடினார்கள். எனினும், டெம்போஸ் எல்லாருக்கும் எட்டிவிட்டது என்று சொல்வது மிகை. நடன அரங்குக்கு நுழைவுச் சீட்டு இருந்தது. நகரத்து உடை வேண்டியிருந்தது. சிற்றூர் மக்களின் ஹைலைஃப், ஈ. கே. நியாமே போன்றவர்களின் கிட்டார் குழுக்களும், அவற்றோடு இணைந்த நாடகக் குழுக்களுமே. 1952-இல் நியாமே தொடங்கிய அக்கான் டிரையோ, ஊர் மொழியில் நாடகத்தையும் பாட்டையும் இணைத்துச் சிற்றூர்களுக்குச் சென்றது. பெயர் வைத்தவர்களிடம் அந்த இசை முழுமையாகத் திரும்பிச் சேர்ந்ததில் மென்சாவுக்குப் பாதிப் பங்கு, நியாமே வழிவந்தவர்களுக்குப் பாதிப் பங்கு எனலாம்.

டெம்போஸிலிருந்து பிரிந்தவர்களும், அதைப் பார்த்துக் கற்றவர்களும் புதுக் குழுக்களைத் தொடங்கினர். டாமி கிரிப்மன் ரெட் ஸ்பாட்ஸ் குழுவையும், ஸ்பைக் அன்யாங்கோர் ரிதம் ஏசஸ் குழுவையும் நடத்தினர். கிங் புரூஸ் 1952-இல் பிளாக் பீட்ஸ் குழுவைத் தொடங்கினார். அவரும் அரசு அலுவலராக இருந்துகொண்டே இசைத்தவர்.

பிற்காலம்

1966 பிப்ரவரியில் இராணுவம் இன்க்ருமாவின் ஆட்சியைக் கவிழ்த்தது. அவரைப் புகழ்ந்த பாடல்களுக்கு இடமில்லாமல் போயிற்று. இளைஞர்கள் சோல், ராக், காங்கோ இசை ஆகியவற்றை நாடினர். 1970-களில் பொருளாதாரம் சரிந்தது. ஒரு டிரம்பெட்டோ ஒலிபெருக்கியோ வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்கான வரி இசைக்கலைஞர்களால் தாங்க முடியாததாயிற்று. 1981 இறுதியில் மீண்டும் ஆட்சிக் கவிழ்ப்பு. அடுத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஊரடங்கு. இரவில் வாசித்துப் பிழைப்பவர்களுக்கு ஊரடங்கு என்பது தொழிலடங்கு. பலர் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் சென்றனர். ஊதுகருவிக் குழு ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒருவர் இசைத்தட்டுகளைச் சுழற்றி இரவு முழுவதும் ஆட வைக்க முடியும் என்று விடுதிக்காரர்கள் கண்டுகொண்டனர். பெரிய ஆர்கெஸ்ட்ராக்களைச் செலவுக் கணக்கில் டெம்போஸ் வென்றது. டெம்போஸ் போன்ற குழுக்களை அதே கணக்கு வென்றது.

1980-களில் மென்சாவும் ஒலையாவும் இணைந்து ‘ஹைலைஃப் ஜெயண்ட்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். 1986-இல் இசை ஆய்வாளர் ஜான் காலின்ஸ் எழுதிய மென்சாவின் வாழ்க்கை வரலாறு லண்டனில் வெளிவந்தது. அதே ஆண்டில் ரெட்ரோஆப்ரிக் என்ற நிறுவனம் அவருடைய 1950-களின் பாடல்களைத் தொகுத்து ‘ஆல் ஃபார் யூ’ என்ற தலைப்பில் மறுபதிப்பு செய்தது. பிறகு ‘டே பை டே’ என்ற தொகுப்பும் வந்தது. நாட்டுக்குள் மறக்கப்பட்டுவந்த பாடல்கள் ஐரோப்பியக் கேட்பாளர்களுக்குப் புதியவையாக அறிமுகமாயின.

இறுதி ஆண்டுகளில் மென்சாவின் உடல்நலம் குன்றியது. 1996 ஜூலை 19 அன்று, 77-ஆம் வயதில் அக்ராவில் காலமானார். 2015-இல் அதே ரெட்ரோஆப்ரிக் நிறுவனம் அவருடைய 69 பாடல்களை நான்கு குறுந்தட்டுகளில் தொகுத்து வெளியிட்டது.